ரோசாத் தோட்டத்தில் தற்செயலாகச் சந்தித்த விபரம்

சிவமயம்

மவுண்ட் ரோஸ்கில், ஒக்லண்ட்.
6.10.1996, ஞாயிற்றுக்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்குமுரிய அத்தான் குலசிங்கம் அவர்கட்கு மைத்துனன் ஏரம்பமூர்த்தி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் புஷ்பவதியும் மகள் சுகந்தினியும் முருகன் அருளால், நேற்று எனக்குப் பிடித்த தும்மல் தடிமன் ஒன்றைத் தவிர, பூரண சுகம். அங்கு கனடாவில் நீங்களும் என் அக்காவும் சுகமாயிருப்பீர்கள் என்றும், அக்காவின் முழங்கால் இப்போது படி ஏறச் சம்மதிக்கிறது என்றும் நம்புகிறேன். தடிமன் எப்படி வந்தது என்பது பின்னால் வரும். முதலில் சந்தோஷச் செய்தி. காயோ பழமோ என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். பழம் அத்தான், பழம். சந்தோஷ அவசரத்தில் எழுதுகிறபடியால் எழுத்துக் கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

நேற்றுச் சனிக்கிழமை, நீங்கள் ஒழுங்கு செய்தபடியே, வெலிங்டன் இரத்தினசிங்கத்தார் குடும்பத்தை மனுரேவாவில் இருக்கிற தாவரவியல் பூங்காவில் ரோசாத் தோட்டத்தடியில் தற்செயலாகச் சந்தித்தோம். அந்த இடத்தைத் தெரிந்தெடுத்த உங்கள் மூளைக்குத்தான் முதல் நன்றி. ஊரிலென்றால் நல்லூர் வீதியில் அவர்கள் ஒரு பக்கத்தால் வர, நாங்கள் மற்றப் பக்கத்தால் வர, சுவாமி கும்பிடுகிற சாட்டில் பெடியன் பெட்டையைப் பார்ப்பான், பெட்டை பெடியனைப் பார்ப்பாள். சரி வராவிட்டால் ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை, சுவாமியைத்தான் பார்த்தோம் என்று மானம் மரியாதையோடு வீட்டுக்குப் போகலாம். இங்கே வாடகை மண்டபத்தில் அல்லவோ பூசை நடக்கிறது. அங்கே சுகந்தினி ஒரு பெடியனுக்குப் பக்கத்தில் நின்று விபூதி எடுத்தாளென்றால், சர்க்கரைப் பொங்கல் கைக்கு வர முன்னம் கலியாணம் எப்போது என்று கேட்டுவிடுவார்கள். பூங்காவென்றால் பூப் பார்க்க வந்தோம் என்று இரண்டு பகுதியும் சொல்லலாம். பெயர் விசாரிக்கக் கூடாது, சம்பந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, மாப்பிள்ளை பகுதி தாங்களாக வீட்டுக்கு வரச் சொன்னால் அது சம்மதம் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் புஷ்பவதிக்கு நான் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினேன். அவளுக்கு வாய் சும்மா இராது என்பது உங்களுக்குத் தெரியும்.

சுகந்தினியைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு. இதற்கு முன் வந்து பார்த்தவர்களில் ஒருவர் பிள்ளையின் உயரத்தைக் கேட்டார், ஒருவர் நிறத்தைப் பற்றித் தாயோடு இரகசியம் பேசினார், அதுவும் எங்களுக்குக் கேட்கிற இரகசியம். அப்படி ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு பிளாக்ஹவுஸ் பே என்ற இடத்தில் தான் வேலை செய்கிற மருந்துக் கடைக்குப் போய்விடுவாள். அழுதாளென்றால் ஆறுதல் சொல்லலாம். முகம் கழுவுகிற பிள்ளைக்கு என்ன சொல்வது, அத்தான். இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள். "அப்பா, இதுதான் கடைசி. இதுக்குப் பிறகு ஒருத்தரையும் நீங்கள் கூட்டிக்கொண்டு வரக் கூடாது. சுவாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணுங்கோ" என்றாள். பண்ணிவிட்டேன். ஆகவே இரத்தினசிங்கத்தாரின் மகன் வசீகரன் சரி வராவிட்டால் என் வாழ்நாளில் என் பிள்ளையின் கலியாணத்தைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது. எந்தக் கதியில் நேற்று நான் கார் ஓடியிருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிக்கிடும்போதே ஒரு சண்டை. பிள்ளை ஜீன்ஸும் ஓட்டச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள். சாறி எங்கே என்று கேட்டேன். "தற்செயலாச் சந்திக்கிறதெண்டால், ஆரப்பா பட்டுச் சாறியோட பூங்காவுக்கு வருவினம்?" என்றாள். நியாயமான கேள்வி. புஷ்பவதி மட்டும் சாதாரணச் சேலை கட்டி, அதற்கு மேல் இருக்கிற காப்பு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டாள். வாகனம் பெருந்தெருவிலிருந்து மனுரேவாவுக்குப் பிரிகிற இறக்கத்துக்குக் கிட்ட வருகிற நேரம் பார்த்து "ஐயோ, வடைப் பெட்டியை மேசையிலை விட்டிட்டு வந்திட்டன்" என்று அவள் கத்த, நான் திரும்பிப் பார்க்க, இறக்கம் போய்விட்டது. பெட்டி அவளுடைய காலடியில்தான் இருந்தது. பாப்பாகுராவரை போய்த் திரும்பி வந்து சேரும்போது சொன்ன நேரம் எப்போதோ கடந்துவிட்டது. கார்த் தரிப்பிடத்திலிருந்து நான் ஓட, எனக்குப் பின்னால் காப்புச் சத்தத்தோடு புஷ்பவதி ஓட, சுகந்தினி கையில் வடைப் பெட்டியோடு உலாத்துகிற மாதிரி வந்தாள்.

அத்தான், அந்த இடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். இங்கே இப்போது இளவேனில். எங்கே பார்த்தாலும் பூ. இலையே இல்லாத மரத்திலும் பூ. புல்லு, சோற்றுக் கோப்பை வைத்துச் சாப்பிடலாம் போல் துப்பரவு. காசு வாங்க வாசலில் ஒருத்தரும் இல்லை, ஒரு வளவு நிறைய அரசாங்கம் பூவை நட்டுவைத்து வாங்கோ பாருங்கோ என்று விட்டிருக்கிறது. எனக்கு வந்த காரியமே ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. கண்ணாடி காரில் விட்டுப் போனபடியால் பலகைகளை வாசிக்க முடியவில்லை. என்றாலும் ரோசா தெரியாதவனா நான். ஒரு சரிவில் கரும்பச்சை இலையும் அடுக்கடுக்கான சிவப்பு, ரோசு, வெள்ளைப் பூவுமாக வரிசையாக நின்றன. இதுதான் இடம் என்று நிறுத்தினேன். புஷ்பவதி கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "என்னப்பா, முள்ளைக் காணேல்லை" என்றாள். நான் சொன்னேன், "இந்த நாட்டிலை பாம்பே இல்லை, முள்ளு என்னத்துக்கு?" அவளுக்கும் அது சரியாகப் பட்டது. சுகந்தினி பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வடைப் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினாள்.

அந்த ரோசாவடியிலேயே அவர்கள் நின்றார்கள். முப்பது வருஷம் தபாற்கந்தோர் யன்னலுக்குப் பின்னால் இருந்து முகம் பார்த்து ஆளை அறிந்தவன் நான், எனக்கு யாரும் காட்டித்தரத் தேவையில்லை. தகப்பன் கண்ணாடி போட்டவர், தாய் கொஞ்சம் கட்டை, பெடியன் பொதுநிறம் என்று நீங்கள் எழுதியிருந்த அடையாளம் அச்சொட்டாகப் பொருந்தியது. நீங்கள் அனுப்பிய பட்டமளிப்புப் படத்தில் பெடியனுக்கு மீசை இருந்தது, நேரில் இல்லை. அதைக் கண்டுகொள்ளக் கூடாது, இந்தக் காலத்துப் பெடியள் வழிக்கிறார்கள். நான் மெல்லப் போய், வானத்தைப் பார்த்து, பூவைப் பார்த்து, பிறகு அவரைப் பார்த்து, "நீங்கள் தமிழோ?" என்று கேட்டேன். அந்த மனுஷன் முகமெல்லாம் மலர்ந்து, "ஆமா சார், நீங்களும் தமிழா? பாத்தியா கல்யாணி, நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். என்ன நடிப்பு அத்தான். கூத்து மேடையில்கூட நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஏழாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த தமிழனை முதல் தரம் காண்கிறவர் மாதிரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பேச்சு வேறுமாதிரி இருக்கிறதே என்று புஷ்பவதி என் முழங்கையை இடித்தாள். அவர்கள் எண்பத்துமூன்று வன்செயலுக்குப் பிறகு மெட்ராஸில் கன காலம் இருந்தவர்கள் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். ஊரோடு ஒட்டிப் பேச்சும் மாறிப்போயிற்று, பாவங்கள். தாய் பெடியனை 'அரவிந்த்' என்று கூப்பிட்டா. வீட்டுப் பெயர் என்று விளங்கிக்கொண்டேன். எங்கள் சுகந்தினியையும் வீட்டில் பேபி என்றுதானே கூப்பிடுகிறோம். "தம்பிக்கு என்ன வேலை?" என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி நானும் கேட்டேன். "கம்ப்யூட்டர்ல இருக்கான் சார்" என்றார். எஞ்சினியர் என்றல்லவோ நீங்கள் எழுதினீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன், இப்போது எஞ்சினியர்மாரும் கம்ப்யூட்டரில்தானே கிடக்கிறார்கள். "எங்கை இருக்கிறியள்?" என்றேன். "பாட்டனி டவுன்ஸ் பக்கம் சார், புதுசா வீடுங்க கட்டுறாங்கள்ல, அங்கதான்." எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. கலியாணப் பேச்சு முடிவாக முன்னமே மாப்பிள்ளை இங்கே வீடு எடுத்தாயிற்று, பிள்ளை வெலிங்டன் காற்றுக்குள் போகத் தேவையில்லை, அரை மணித்தியாலத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இதை ஏன் நீங்கள் எனக்கு அறிவிக்கவில்லை என்று கோபமும் வந்தது. என்னைத் திகைக்க வைக்கத்தான் மறைத்தீர்கள் என்று இப்போது விளங்குகிறது.

சம்பந்தத்தைப் பற்றி அவர்கள் மூச்சு விடவில்லை. நான் ஒன்றிரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிப் பார்த்தேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டதா என்று தகப்பன்காரர் அக்கறையாக விசாரித்தார். அவ்வளவு ஒழுக்கமான குடும்பம்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். புரட்டாதிச் சனி, வீட்டில் சுவாமிக்கு ஒரு நல்ல பூ இல்லை என்று அந்தம்மா பெருமூச்சு விட, புஷ்பவதிக்குக் கை தானாக நீண்டது. ஊரில் விடியவே எழும்பி அயலட்டை வேலியெல்லாம் பூ ஆய்ந்த கை அது. இரண்டு சிவத்தப் பூ கைப்பைக்குள் போயிற்று, மூன்றாவதைத் தொட முன்னம் சின்ன வண்டி ஒன்றில் தோட்டக்காரன் வந்து இறங்கினான். நல்ல உயரமான மனுஷன், கோபமே இல்லாமல், இங்கே பூப் பறிப்பதில்லை என்றான். புஷ்பவதி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிலை மாதிரி நின்றாள். எனக்கு இங்கிலீசு முழுவதும் ஆவியாகிவிட்டது. அந்த நேரம் பெடியன் முன்னுக்கு வந்து, எங்கள் வீட்டார் பறித்துவிட்டார்கள், பூசைக்கு எடுத்துப் பழகிய கை, மன்னிக்க வேண்டும் என்று இங்கிலீசில் தன் தலையில் போட்டுக்கொண்டான். எங்கள் வீட்டார் என்றான், அத்தான். வேறு ஒருத்தன் வேண்டாம், இவன்தான் என் மருமகன் என்று அந்த நிமிஷமே முடிவெடுத்துவிட்டேன். தோட்டக்காரன் சிரித்துவிட்டு, கீழே விழுந்து கிடக்கிற பூவை எவ்வளவும் அள்ளலாம், அதுவும் புதிதுதான் என்று காட்டினான். நிலத்தில் விழுந்ததை எப்படிச் சுவாமிக்கு வைப்பது என்று அவனுக்கு யார் விளங்கப்படுத்துவது. இரண்டு மனுஷிமாரும் அவனுக்காகக் குனிந்து குனிந்து மடி நிறையப் பொறுக்கினார்கள், அவன் வண்டி திரும்பியதும் கவனமாகப் பழையபடி மரத்தடியிலேயே பரப்பிவிட்டார்கள். அதிலேயே இரண்டு பேரும் சொந்தமாகிவிட்டார்கள்.

சாப்பாட்டைக் குளத்தடியில் வைத்துப் பிரித்தோம். எங்கள் வடையை அவர்கள் சாப்பிட, அவர்களுடைய புளியோதரையை நாங்கள் சாப்பிட்டோம். அதுவும் மெட்ராஸ் பழக்கம்தான். தாராக்கூட்டம் ஒன்று வந்து சூழ்ந்தது. சிவத்தச் சொண்டோடு ஒரு நீலப் பறவை நேரே வந்து என் கையிலிருந்த வடையைக் கொத்திக்கொண்டு ஓடியது. சம்பந்தி பகுதிக்கு முன்னால் என்னிடமிருந்து ஒரு பறவை வடையைப் பறிப்பதா என்று நான் துரத்திப் போக, கரைப் புல்லு வழுக்கி முழங்கால்வரை குளத்துக்குள் இறங்கிவிட்டேன். தடிமன் வந்த வரலாறு இதுதான். பெடியன் ஓடி வந்து இழுத்து எடுத்தான். சுகந்தினி காரிலிருந்து துவாய் கொண்டு வந்தாள். துவாயைப் பிழிந்துகொண்டே இரண்டு பேரும் ஏதோ கதைத்தார்கள், பிறகு காட்டு மரங்கள் நிற்கிற பாதையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று அவளே சொன்னாள். நான் பெருந்தன்மையாக ஓம் என்றேன். நனைந்த காலை வெயிலில் காயவிட்டுக்கொண்டு இருக்கும்போது, மரங்களுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்க அடக்க மீறி வருகிற சிரிப்பு. யாருடைய பிள்ளை என்று திரும்பிப் பார்த்தால், என்னுடையது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், அவனும் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு எத்தனை காலம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷன் மறுபடியும் தூசியா சார் என்று கேட்டார்.

பிரியும்போது அவர் என் இரண்டு கையையும் பிடித்து, "கண்டிப்பா குடும்பத்தோட வீட்டுக்கு வரணும் சார், இங்க நமக்கு யார் இருக்கா" என்றார். கேட்டீர்களா அத்தான். வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார். டெலிபோன் நம்பரைப் பெடியன் பிள்ளையிடமே கொடுத்துவிட்டான். காரில் வரும்போது, "என்ன மாதிரிப் பிள்ளை?" என்று கேட்டேன். "நல்ல ஆக்கள்" என்றாள். "அப்ப ஓமோ?" என்றேன். "அப்பா, றோட்டைப் பாருங்கோ" என்றாள். கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன், யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவவில்லை. இனி என்ன வேண்டும்.

ஆகவே நீங்கள் இந்தக் கடிதம் கண்டவுடன் இரத்தினசிங்கத்தாரோடு கதைத்து, எங்களுக்குப் பூரண சம்மதம் என்று அறிவித்து, தை மாதத்தில் ஒரு நாள் பார்க்கச் சொல்லவும். கூறைச் சேலையை அக்காவே தெரிந்தெடுத்து அனுப்பட்டும், புஷ்பவதி மாம்பழ நிறம் வேண்டாம் என்கிறாள், ஆனால் அது அக்காவின் விருப்பம். அக்காவுக்கு என் அன்பையும், உங்களுக்கு எங்கள் மூவரின் வணக்கத்தையும், பேரப்பிள்ளைகளுக்கு ஆசியையும் சொல்லி, எல்லாம் வல்ல முருகன் எல்லாரையும் காக்க வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
ஆனந்தக் கண்ணீருடன்,
தங்கள் மைத்துனன்
ஏரம்பமூர்த்தி.

பி.கு.: அத்தான், மேலே எழுதினது ஒன்றையும் ஒருத்தருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். கடித உறையை ஒட்டுகிற நேரம் டெலிபோன் அடித்தது. எடுத்தால் வெலிங்டனிலிருந்து இரத்தினசிங்கத்தார், எங்களுடைய பேச்சில், நல்ல சூட்டோடு. "என்ன மனிசர் நீங்கள்? ரோசாத் தோட்டத்துக்கை ரெண்டு மணிவரைக்கும் காத்துக்கொண்டு நிண்டனாங்கள், ஒரு ஈ காக்கை வரேல்லை. ஒரு பூக்கூட இல்லை, வெறும் முள்ளுத் தடியள். பெடியனுக்கு விசர் பிடிச்சுப்போச்சு. இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம், குலசிங்கத்தாருக்கும் சொல்லிப்போட்டன்" என்று வைத்துவிட்டார். ரோசா இந்த நாட்டில் கார்த்திகையில்தான் பூக்குமாம். நாங்கள் நின்றது, ரோசா மாதிரியே பூக்கிற கமேலியாவடியில்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். புஷ்பவதி சுவாமி அறைக்குள் போய்விட்டாள். கடைசிச் சந்தர்ப்பத்தையும் கமேலியாவில் போட்டு உடைத்துவிட்டு எந்த முகத்தோடு பிள்ளைக்குச் சொல்வது. மெல்லக் கூப்பிட்டு விபரத்தைச் சொன்னேன். அவள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "தெரியும் அப்பா" என்றாள்.

"எப்ப தொடக்கம்?"

"அந்த அங்கிள் 'ஆமா சார்' எண்டு சொன்ன உடனை. அவை கும்பகோணம் ஆக்கள். போன வருசம்தான் வந்தவையாம். அரவிந்துக்கு நான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். உங்கடை கண்சிமிட்டல், வீட்டுப் பேர், எல்லாம். அதுதான் அப்பிடிச் சிரிச்சனாங்கள்."

"பலகையிலை கமேலியா எண்டு போட்டிருந்ததெல்லோ. அதையெண்டாலும் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

கோப்பையை வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். "இல்லையப்பா. அங்கை நிண்ட ஒருத்தரும் என்னைப் பார்க்க வந்தவை இல்லை. சும்மா பூப் பார்க்க வந்தவை. அது எவ்வளவு நல்லா இருந்தது தெரியுமோ?" என்றாள். பிறகு எழும்பிப் போகிற போக்கில், வருகிற சனிக்கிழமை அரவிந்தோடு திரும்பவும் பூங்காவுக்குப் போகிறாளாம், நாங்கள் வரத் தேவையில்லை என்றாள்.

இப்போது ஆறுதலாக இருந்து யோசித்துப் பார்த்தேன். நான் யாரையும் கூட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணினேன், அவளாகக் கூட்டிக்கொண்டு வந்தால் அது அந்தச் சத்தியத்துக்குள் அடங்காது. ஆகவே நான் வாய் திறக்கப் போவதில்லை. நீங்களும் இதில் தலையிட வேண்டாம், ஒருத்தரிடமும் விசாரிக்கவும் வேண்டாம். தகப்பன் பெயர் கோதண்டராமன், வங்கியில் இருந்து இளைப்பாறினவராம், கும்பகோணத்தில் பெரிய கடைத் தெருவுக்குப் பின்பக்கம் வீடு.